தேவாங்கு எழுந்தாச்சா?

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அது காலை எட்டு மணிக்குத் திறக்கும்.

குளத்துக்குக் கதவு கிடையாது. பூட்டு கிடையாது. சுற்றுச்சுவரும் கிடையாது. நான்கு பக்கமும் வெட்டவெளி. ஆனாலும் நேரம் வரும்வரை அது மூடியே இருக்கும்.

முன்பெல்லாம் தாகம் எடுத்த பிராணி வந்து குடித்துவிட்டுப் போகும். பிறகு அந்தக் காட்டின் தலைமைப் புலி, பக்கத்துக் காட்டில் மூன்று நாள் பயிற்சி முகாமுக்குப் போனது. அங்கே பாடம் நடத்தியவர் கணினியைப் பற்றித்தான் பேசினார். மென்பொருள் என்பது பல பிரிவுகளாக இருக்குமாம். ஒன்று எழுந்த பிறகுதான் அதை நம்பியிருக்கிற இன்னொன்று எழுமாம். போகும்போது ஒவ்வொன்றும் தன் குப்பையைத் தானே அள்ளிக்கொண்டு, வந்த வரிசைக்கு நேர்மாறாகப் போகுமாம். புலிக்கு முதல் நாள் பாதி புரிந்தது. மற்ற இரண்டு நாள் சாப்பாடு நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது ஒரு தோள்பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஓர் ஏற்பாடு ஆகிய மூன்றையும் கொண்டுவந்தது. பை ஒரு மாதத்தில் கிழிந்தது. பாட்டில் உடைந்தது. ஏற்பாடு மட்டும் நின்றுவிட்டது.

அதன்படி குளத்தை ஒன்பது பிரிவுகள் நடத்தின. யானை தொட்டியில் தண்ணீர் நிரப்பும். குரங்கு குழாயைத் திருகும். கரடி முகர்ந்து பார்த்து, தண்ணீர் நல்லது என்று சொல்லும். மலையணில் டோக்கன் கொடுக்கும். இருவாச்சிப் பறவை எண்ணைக் கூவும். காட்டுப்பன்றி வரிசையைக் காக்கும். குடித்து முடித்தவர்களின் டோக்கனை முள்ளம்பன்றி வாங்கி முதுகு முள்ளில் குத்திக்கொள்ளும். கீரி தரையைத் துடைக்கும். ஆக எட்டு. ஒன்பதாவது பிரிவு தேவாங்கு. தேவாங்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் விட்டதாக நினைக்க வேண்டாம். அது ஒன்றும் செய்யாது.

ஒவ்வொரு பிரிவும் வேலைக்குச் சேரும்போது ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தது. அதில் மூன்று கேள்விகள். ஒன்று, நீ எழுந்ததும் என்ன செய்வாய்? இரண்டு, நீ எழுவதற்கு முன்னால் யார் எழுந்திருக்க வேண்டும்? மூன்று, போகும்போது எதைச் சரிசெய்துவிட்டுப் போவாய்?

இவற்றையெல்லாம் வரிசைப்படி எழுப்பி, மாலையில் வரிசைப்படி அனுப்பி, பதிவேட்டில் குறிப்பது அழுங்கின் வேலை. அழுங்கு என்றால் உடம்பெல்லாம் செதிலோடு, நீள மூக்கோடு, எறும்பு தின்று வாழும் பிராணி. யாராவது உரக்கப் பேசினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கூச்ச சுபாவம். ஆனால் கணக்கில் புலி. நிஜப் புலியைவிடப் புலி. நானூற்றுப் பதினோரு நாளாக ஒரு கட்டம்கூட விடாமல் பதிவேட்டை நிரப்பியிருந்தது. 'எழுந்தது' என்று ஒரு பத்தி, 'போனது' என்று ஒரு பத்தி. குரங்கு குழாயை மூடாமல் போன ஒரே ஒரு நாளில் தொட்டித் தண்ணீர் முழுக்க வெளியே ஓடி, இரண்டு நாள் எல்லோரும் சேற்றில் வழுக்கி விழுந்தார்கள். இருபத்தாறு பேர். அதையும் அழுங்கு எழுதி வைத்திருந்தது.

இத்தனைக்கும் அழுங்கு பகலில் தூங்க வேண்டிய பிராணி. நானூற்றுப் பதினோரு நாளாகச் சரியான தூக்கம் கிடையாது. இவ்வளவையும் அது பொறுத்துக்கொண்டது ஒரே காரணத்துக்காகத்தான். அலுவலகத்துக்குப் பின்னால் ஆளுயரக் கரையான் புற்று ஒன்று இருந்தது. இந்த வேலை இருக்கும்வரை புற்று அதற்கு. அடியில் படுக்கை, மேலே சாப்பாடு.

காலை ஆறரைக்கு அலுவலக மணி அடிக்கும். அதற்கு முன்னால் யாரை எழுப்பினாலும் எழுப்பியதாகக் கணக்கில் வராது. மணி அடித்ததும் அழுங்கு நேராகப் புங்கமரத்துக்குப் போய் அடிமரத்தைத் தட்டும். ஏனென்றால் எட்டுப் பிரிவுகளின் படிவத்திலும் இரண்டாம் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: தேவாங்கு.

போதாக்குறைக்குத் தேவாங்கின் படிவத்திலும் அதே பதில்தான்.

"அண்ணே, எழுந்தாச்சா?" என்று அழுங்கு கேட்கும்.

சிறிது நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வரும். "தேவாங்கு எழுந்துட்டானா?"

"நீங்கதாண்ணே தேவாங்கு."

"படிவத்துல இருக்கே, கேக்காம எழ முடியுமா? எழுந்துட்டானா?"

"எழுந்துட்டாருண்ணே."

"ம்," என்று தேவாங்கு ஒரு கண்ணைத் திறக்கும். பிறகு மூடிக்கொள்ளும். அன்றைக்கு அதன் வேலை முடிந்தது.

அதன் பிறகு மற்ற எட்டையும் எழுப்ப எண்பத்தாறு நிமிடம் ஆகும். போன வருடம் தேவாங்கின் கண் மூன்று நிமிடத்தில் திறந்தது. குளம் ஏழு ஐம்பத்தொன்பதுக்குத் திறந்தது. இந்தக் கோடையில் கண் திறக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. குளம் எட்டு ஏழுக்குத் திறந்தது. அப்படி மூன்று நாள் ஆனதும் புலி அழுங்கைக் கூப்பிட்டது.

"ஏழு நிமிஷம் தாமதம். மூணு நாளா. இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா நீ கல்குவாரிப் பக்கம் போயிடு."

கல்குவாரிப் பக்கம் வெறும் பாறை. எறும்புகூட வழி தவறித்தான் வரும். அழுங்கு பாதி சுருண்டுகொண்டது.

புலிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நரி உட்கார்ந்திருந்தது. ஆலோசகராம். அது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தது. "ஐயா, இங்க பாருங்க. தேவாங்கு, பதினோரு நிமிஷம். என்ன வேலை செய்யுதுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல. இதை நீக்கிட்டா எட்டுக்கு நாலு நிமிஷம் முன்னாடியே திறந்துடலாம். இவ்வளவு சுத்தமா யாரு எழுதி வெச்சது?"

"நான்தானுங்க," என்றது அழுங்கு, செதிலுக்குள்ளிருந்து.

"பிரமாதம். உங்க எழுத்தே போதும் அவரை அனுப்ப."

அழுங்கு புற்றை நினைத்துக்கொண்டது. பதிவேட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. அன்று மத்தியானமே தேவாங்கைப் புங்கமரத்திலிருந்து இறக்கி, வடக்கே இருந்த ஒரு வாகை மரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அது யாரையும் திட்டவில்லை. பாதி வழியில் தூங்கிவிட்டதால் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலையில் அழுங்கு அதற்கு 'போனது' என்று குறித்து, அன்றைய நாளை முறைப்படி மூடியது.

மறுநாள் ஆறரை மணிக்கு அழுங்கு நேராக யானையிடம் போனது.

"அண்ணே, எழுந்திரிங்க."

யானை ஒரு காதை மட்டும் தூக்கியது. "தேவாங்கு எழுந்தாச்சா?"

"அவரை நீக்கிட்டாங்கண்ணே."

"அப்ப நான் எப்படி எழுறது?"

"எப்பவும் போலத்தான். காலை ஊனி..."

"எழத் தெரியாமயா கேக்கறேன்? என் படிவத்துல தேவாங்கு எழுந்த பிறகுன்னு இருக்கு. அது எழாம நான் எழுந்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

"படிவத்தை மாத்திடலாம்ணே."

"மாத்து. மலையணில் முத்திரை வெக்கணும்."

"மலையணில் இன்னும் எழலையே."

"ஏன் எழல?"

"தேவாங்கு எழுந்தாத்தான் எழும்."

"பாத்தியா? அதுகூட ஒழுங்கா இருக்கு," என்று யானை காதை மடக்கிக்கொண்டது.

நான்கு நிமிடம் போய்விட்டது. மீதி எட்டு மணிக்குச் சரியாக எண்பத்தாறு. அழுங்கு புற்று இருந்த திசையைப் பார்த்தது. பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தது.

"அண்ணே, தேவாங்கு எழுந்தாச்சு."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று யானை எழுந்துவிட்டது. நிமிர்ந்து வாகை மரத்துப் பக்கம்கூடப் பார்க்கவில்லை. குரங்கும் கேட்டது, பதில் வந்தது, எழுந்தது. கரடி, மலையணில், இருவாச்சி எல்லாம் அப்படியே. கேள்விக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான். கடைசியாகக் கீரி துடைப்பத்தை எடுத்தபோது மணி எட்டு அடித்தது. குளம் திறந்தது. வரிசையில் நின்ற நூற்று நாற்பத்துமூன்று பேரும் குடித்தார்கள். புலி முதல் டோக்கன் வாங்கிக் குடித்துவிட்டு, நரியின் முதுகில் தட்டிக்கொடுத்தது.

சிக்கல் மாலையில் வந்தது.

காலையில் கடைசியாக எழுந்தவர் மாலையில் முதலில் போக வேண்டும். கீரி துடைப்பத்தை அலசி வைத்துவிட்டுப் போனது. முள்ளம்பன்றி முதுகை உதறி நூற்று நாற்பத்துமூன்று டோக்கனையும் குவித்துவிட்டுப் போனது. இப்படியே ஏழு பேர் போனபிறகு யானை தும்பிக்கையை உதறிவிட்டுப் போனது. முதலில் எழுந்த தேவாங்கு கடைசியாகப் போக வேண்டும். வராதது எப்படிப் போகும்?

அழுங்கு பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. காலையில் வாயால் சொன்ன பொய் காற்றோடு போயிற்று. எழுத்தில் பொய் போட அதற்குக் கை வரவில்லை. தேவாங்குக்கு நேரே இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டுப் புற்றுக்குப் போனது.

மறுநாள் காலை, வாயால் சொல்லும் பொய் இரண்டாம் முறை சுலபமாக வந்ததால், குளம் ஏழு ஐம்பத்தாறுக்கே திறந்தது. ஒரு புள்ளிமான் டோக்கனுக்குக் கை நீட்டியது. மலையணில் தன் வழக்கப்படி பதிவேட்டைப் பார்த்தது.

"நீ இன்னைக்குக் குடிச்சாச்சும்மா. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டோக்கன்தான்."

"நான் எங்கே குடிச்சேன்? அது நேத்து."

"நேத்து இன்னும் முடியலையே. இங்க பாரு, அந்த நாளை இன்னும் மூடலை. மூடாத நாள் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு? நீ நேத்துலதான் நிக்கிற. அடுத்த ஆள்."

அடுத்த ஆளும் நேற்றில்தான் நின்றது. அதற்கடுத்ததும். வரிசையிலிருந்து ஒரே ஒரு முயலுக்கு மட்டும் டோக்கன் கிடைத்தது. அதற்கு முந்தின நாள் வயிற்றுப்போக்கு, வரவில்லை. அது குடிக்கும்போது நூற்று நாற்பத்திரண்டு பேர் அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, தண்ணி இதோ கிடக்கு. கால் வெச்சா நனையுது. குனிஞ்சு குடிச்சா என்ன?" என்று மான் காட்டுப்பன்றியிடம் கேட்டது.

"குளம் மூடியிருந்தா யாரும் குடிக்கக்கூடாது. திறந்திருந்தா டோக்கன் இல்லாம குடிக்கக்கூடாது. இது ரெண்டும் இல்லாத நேரம் எப்பன்னு சொல்லு, நானே உனக்கு வழிவிடறேன்," என்றது காட்டுப்பன்றி.

மான் யோசித்துப் பார்த்தது. நாக்கு வெளியே தொங்கியதால் சரியாக யோசிக்க முடியவில்லை.

அப்போது புலி வந்தது. அதற்கும் டோக்கன் இல்லை. நேற்றைய முதல் டோக்கனே அதனுடையதுதான்.

புலி உறுமிய உறுமலில் இருவாச்சி கூவ வேண்டிய எண்ணையே மறந்துவிட்டது. நரி ஓடிப்போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்து காலிக் கட்டங்களைக் காட்டியது. அழுங்கை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அது முழுப் பந்தாக இருந்தது.

"நீ எந்தப் பிரிவு?" என்றது புலி.

"பிரிவெல்லாம் இல்லீங்க. நான் எழுப்புறவன்," என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

நரி எட்டுப் படிவங்களையும் புரட்டியது. "ஐயா, யாரோட படிவத்துலயும் இவர் பேரே இல்ல. இவர் எழுந்தாத்தான் நான் எழுவேன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. அப்ப இவர் இருந்தா என்ன, போனா என்ன?"

"அப்படியா சேதி?" என்றது புலி. "எல்லாரும் புதுசாப் படிவம் எழுதுங்க. சாயந்தரம் நாலு மணிக்குள்ள எனக்கு வேணும். ரெண்டாம் கேள்வியில யாரோட பேர் ஒரு இடத்துலகூட வரலையோ, அந்த ஆள் நாளைக்குக் கல்குவாரி. முதல்ல இந்த நேத்தை மூடித் தொலை. எனக்குத் தாகமா இருக்கு."

அழுங்கு பதிவேட்டோடு வாகை மரத்துக்கு ஓடியது. அழுங்கின் ஓட்டம் பார்க்க அழகாக இருக்காது. மூச்சு வாங்க அடிமரத்தைத் தட்டியது.

"அண்ணே, நீங்க கொஞ்சம் போகணும்."

"எங்கே?" என்றது தேவாங்கு, கண்ணைத் திறக்காமல்.

"எங்கேயும் இல்ல. போனதா இருந்தாப் போதும். நேத்தை மூடணும்."

"நான்தான் முந்தாநாள் மத்தியானமே போயிட்டேனே. உன் கண்ணு முன்னாடிதானே தூக்கிட்டுப் போனாங்க?"

அழுங்கு யோசித்தது. உண்மைதான். வராமலிருக்கலாம், ஆனால் போனது போனதுதான். வருவதற்கு முன்பே போனவர் என்று எழுத வேண்டியிருந்தது. அழுங்குக்கு அது செதிலுக்கடியில் அரித்தது. ஆனாலும் பொய் இல்லை. இரண்டாம் பத்தியில் ஒரு கோடு போட்டது. நேற்று முடிந்தது.

"அண்ணே, உங்களை அனுப்பினது என் எழுத்துதான். மன்னிச்சுக்குங்க," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது.

"அட, விடுப்பா. இங்க வந்த பிறகு யாரும் எழுப்பல. நல்லா இருக்கு."

"ஆனா அண்ணே, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. எட்டுப் பேருக்கும் எதுக்கு நீங்க எழுந்தாகணும்?"

தேவாங்கு முதல்முறையாக இரண்டு கண்ணையும் திறந்தது. பெரிய கண்கள். "அதுவா? படிவம் வந்த அன்னைக்கு முதல்ல வாங்கினவன் நான். பட்டப்பகல், எனக்குக் கண்ணே தெரியல. பேர் எழுதற இடத்துலயும் என் பேரு, ரெண்டாம் கேள்வியிலயும் என் பேரு எழுதிட்டேன். தப்பாப் போச்சு, இன்னொரு தாள் குடுங்கன்னு கேட்டேன். புலி என்ன சொல்லிச்சு தெரியுமா? ஒரு தாள்கூட வீணாகக் கூடாது, அதை நகலெடுத்து மாதிரின்னு ஆலமரத்துல ஒட்டுங்கன்னுச்சு. எல்லாரும் அதைப் பாத்து எழுதினாங்க. அவ்வளவுதான்."

"நானூத்திப் பதினோரு நாள்," என்றது அழுங்கு.

"ம்," என்று தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டது.

அழுங்கு திரும்பி வந்தபோது மணி பதினொன்று பத்து. நேற்று மூடப்பட்டது, இன்று பிறந்தது, புலியும் மானும் மற்றவர்களும் குடித்தார்கள். நாலு மணிக்கு இன்னும் நாலு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. எட்டுப் பேரில் ஒருவர், ஒரே ஒருவர், 'அழுங்கு எழுந்த பிறகு நான் எழுவேன்' என்று எழுதினால் போதும். அது உண்மையும்கூட. அழுங்கு தட்டாமல் அவர்களில் ஒருவர்கூட ஒருநாளும் எழுந்ததில்லை.

அழுங்கு யானையிடம் போனது. கேட்க வேண்டியது நாலு வார்த்தை. வரும் வழியில் பதினேழு முறை சொல்லிப் பார்த்திருந்தது.

"அண்ணே..."

"என்னப்பா?"

"இல்ல... அந்தத் தும்பிக்கை வலி இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்ல."

"நல்லது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டது. குரங்கிடம் வெயிலைப் பற்றிப் பேசியது. கரடியிடம் எதுவும் பேசவில்லை; சுருண்டு உருண்டு தாண்டிப் போய்விட்டது. அதற்கு அப்படி ஒரு கூச்சம். கல்குவாரியே மேல் என்று தோன்றும் அளவுக்குக் கூச்சம்.

கீரியைத் தாண்டி உருண்ட வேகத்தில் ஆலமரத்தில் முட்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தது. தேவாங்கின் மாதிரிப் படிவம் அங்கேயே இருந்தது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, எழுத்து மங்கி, 'தே' மட்டும் தெரிந்தது. எதிரே எட்டுப் பேரும் புதுப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஒண்ணும் தெரியலையே. எதைப் பாத்து எழுதறது?" என்றது மலையணில்.

"சொந்தமா எழுதச் சொல்றாங்களோ?" என்று கரடி கவலைப்பட்டது.

"அப்படியெல்லாம் இருக்காது. யாராவது வந்து ஒட்டுவாங்க. பொறு," என்றது யானை.

அழுங்கு ஓசைப்படாமல் புற்றுக்குப் போனது. ஒரு தாளை எடுத்து, அழகான கையெழுத்தில் நிதானமாக எழுதியது. பெயர்: அழுங்கு. எழுந்ததும் என்ன செய்வாய்? கண் திறப்பேன். நீ எழுவதற்கு முன் யார் எழுந்திருக்க வேண்டும்? அழுங்கு. போகும்போது எதைச் சரிசெய்வாய்? கண்ணை மூடுவேன். மேலே 'மாதிரி' என்று எழுதி அடிக்கோடு போட்டது. யோசித்துப் பார்த்தது. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

பசையைத் தடவி, யார் முகத்தையும் பார்க்காமல், ஆலமரத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டது.

"நான்தான் சொன்னேன்ல?" என்றது யானை.

நாலு மணிக்குப் படிவங்கள் புலியிடம் போயின. நரியும் இப்போது ஒரு பிரிவு என்பதால் அதுவும் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தது. ஒன்பது படிவம். ஒன்பதிலும் இரண்டாம் கேள்விக்கு ஒரே பதில்: அழுங்கு. காட்டுப்பன்றி முதல் கேள்விக்கும் அப்படியே 'கண் திறப்பேன்' என்று எழுதியிருந்ததால், மறுநாளிலிருந்து அது வரிசையைக் காக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. முள்ளம்பன்றி பெயரைக்கூட விடாமல் எழுதியிருந்ததால், பதிவேட்டின்படி அந்தக் காட்டில் இப்போது இரண்டு அழுங்கு.

புலி ஒன்பது படிவத்தையும் இரண்டு தடவை படித்தது. பிறகு நரியை முறைத்தது.

"ஒன்பதுக்கு ஒன்பது! இவரையா கல்குவாரிக்கு அனுப்பச் சொன்னே? காடே படுத்திருக்குமே! உன் படிவத்துலயே அவர் பேரைத்தானே எழுதியிருக்கே?"

"மாதிரியில அப்படித்தானுங்க இருந்துச்சு," என்றது நரி.

"யாரும் இனிமே அழுங்கைத் தொந்தரவு பண்ணக்கூடாது. அவரா எழுந்தா எழட்டும்," என்று புலி ஆணையிட்டது.

மறுநாள் காலை ஆறரை மணி அடித்தது. எழுப்ப ஆள் வராததால் எட்டுப் பிரிவுகளும் தாங்களாகவே எழுந்து, வரிசையாகப் புற்றுக்கு வந்து, எழலாமா என்று கேட்பதற்காகக் காத்து நின்றன. நரி ஒன்பதாவதாக நின்றது. யானை தும்பிக்கையைப் புற்றின் வாயில் வைத்து, மிகுந்த மரியாதையோடு மெதுவாகக் கேட்டது.

"அண்ணே, எழுந்தாச்சா?"

புற்றுக்குள் இருட்டு. சில்லென்ற மண். தலைக்கு மேலே கரையான் ஊரும் சத்தம். அழுங்கு கண்ணை மூடிக்கொண்டு, நொடி நொடியாக, ஒன்றுகூட விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. பதினோரு நிமிடத்துக்கு அறுநூற்று அறுபது நொடி. எண்ணி முடித்து, சரிபார்த்தது. தப்பாக இருக்கக்கூடாது என்று இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணியது.

பிறகு, "ம்," என்றது.

நீதி: காட்டையே எழுப்புகிறவனைக் கல்குவாரிக்கு அனுப்பிவிடுவார்கள், மாதிரிப் படிவத்தில் பெயர் உள்ளவனை எழுப்பக்கூடப் பயப்படுவார்கள். ஆகையால் குழந்தைகளே, நன்றாக உழையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. பசை மட்டும் எப்போதும் கைவசம் இருக்கட்டும்.